தோற்ற ஆட்டத்துக்கும் கணக்கு உண்டு

சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம் மே மாதத்தோடு முடிந்து, நல்லதண்ணியில் சனக்கூட்டம் குறைந்ததும் மழை தொடங்கிவிடும். மழை விட்ட மாலைகளில் லயத்துப் பிள்ளைகள் பந்தும் கையுமாக இறங்குவார்கள். அப்படி நான்கு அணிகள் சேர்ந்து நடத்திய ஒரு சிறிய சுற்றுப்போட்டி சண்டையில் முடிந்தது.

இரண்டு அணிகளுக்கு ஆளுக்கு 4 புள்ளி. இறுதி ஆட்டத்துக்குப் போக ஓர் இடந்தான் மிச்சம். "நாங்க ஏழு கோல் போட்டோம், அவங்க நாலுதான்" என்றது மேல் லயம். மற்ற அணியில் மண்சரிவுக்குப் பயந்து வீட்டை விட்டு வந்து தங்கியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள். கொஞ்ச நேரத்தில் பேச்சு கோலை விட்டுவிட்டு "வந்தவங்க", "இருந்தவங்க" என்று திரும்பியது. இடம்பெயர்ந்து வாழும் நமக்கு அந்தச் சொல் எப்படிச் சுடும் என்று சொல்லத் தேவையில்லை.

உண்மையில் கணக்கு எளிது. வென்றால் 3 புள்ளி, சமநிலை என்றால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. (உலகக் கிண்ணத்தில் 1994க்கு முன் வெற்றிக்கு 2 புள்ளிதான்.) புள்ளி சமமானால், பல போட்டிகளில் போட்ட கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழிப்பார்கள். மேல் லயம் போட்டது 7, வாங்கியது 6, மிச்சம் 1. மற்ற அணி போட்டது 4, வாங்கியது 2, மிச்சம் 2. ஆகவே போக வேண்டியது வந்த பிள்ளைகளின் அணி. கொழுந்து நிறுக்கும்போது கூடையின் எடையைக் கழிப்பதில்லையா, அதேதான். 0-1 என்று தோற்பதும் 0-4 என்று தோற்பதும் ஒன்றல்ல என்பதும் இதனால்தான்.

அதுவும் சமமானால் அதிக கோல் போட்ட அணி. அதுவும் சமமானால்? 2018 உலகக் கிண்ணத்தில் யப்பானுக்கும் செனகலுக்கும் இது நடந்தது. இரண்டுக்கும் 4 புள்ளி. போட்டது 4 கோல், வாங்கியது 4 கோல். தங்களுக்குள் ஆடிய ஆட்டமும் 2-2. கடைசியில் மஞ்சள் அட்டையை எண்ணினார்கள். யப்பானுக்கு 4, செனகலுக்கு 6. செனகல் வீட்டுக்குப் போனது. யப்பான் தன் கடைசி ஆட்டத்தில் போலந்திடம் 0-1 என்று பின்தங்கியிருந்தும், இந்தக் கணக்கை அறிந்து, கடைசி நிமிடங்களில் பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டு நின்றது. பார்த்தவர்கள் கூச்சலிட்டார்கள். எனக்கும் அது பிடிக்கவில்லை; ஆனால் விதிக்குள் நின்றுதான் ஆடினார்கள். கோபத்தில் சட்டையைப் பிடித்து இழுக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு அட்டைகளின் கதையைச் சொல்லுங்கள்.

இந்த வரிசை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஐரோப்பியக் கிண்ணத்தில், சம புள்ளி பெற்றவர்கள் தங்களுக்குள் ஆடிய ஆட்டத்தையே முதலில் பார்ப்பார்கள். விதிகள் காலத்தோடும் மாறும். 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசிய தங்கக் கிண்ண இறுதி ஆட்டத்தில் இலங்கை இந்தியாவை 1-0 என்று வென்றது. மேலதிக நேரத்தில் விழுந்த அந்தக் கோலோடு ஆட்டமே முடிந்தது. 'தங்க கோல்' என்பார்கள். 2004க்குப் பிறகு அந்த விதி எடுபட்டுப் போனது. இப்போது கோல் விழுந்தாலும் மேலதிக நேரம் 30 நிமிடமும் ஆடியாக வேண்டும். அந்தக் காலத்து நினைவில் "கோல் விழுந்தாச்சு, முடிஞ்சுது" என்று மைதானத்தில் இறங்கும் மாமாமார் இன்னும் இருக்கிறார்கள்.

ஆகவே எந்த வரிசை என்பதை முதல் பந்தை உதைக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். கோல் விழுந்த பிறகு பேசினால், ஒவ்வொருவரும் தமக்குச் சாதகமான விதியைத்தான் நீதி என்பார்கள்.

அடுத்த போட்டிக்கு நான்கு அணித் தலைவர்களும் கொப்பித்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கோல் கம்பத்தில் கட்டினார்கள். அன்றைய மழையில் மை கரைந்துவிட்டது. மறுநாள் மேல் லயத்துப் பையன் ஒருவன் திரும்ப எழுதி, பாண் சுற்றிவந்த பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டினான்.