இரைச்சலை வெல்லும் எதிரொலி

கடல் கடந்து வாழும் மக்களைக் காணப் பெற்றோர் புறப்பட்டுச் செல்லும் காலம் இது. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில் அமைந்த நம் சாணார்பட்டி வட்டாரமும் இதற்கு விலக்கன்று. தோப்பையும் மாட்டையும் விட்டு இரண்டு நாள் வெளியூரில் தங்கவே தயங்கிய பெரியவர்கள், இன்று பேரக்குழந்தையின் முகம் காண மதுரையிலும் திருச்சியிலும் சென்னையிலும் விமானம் ஏறுகிறார்கள். பாஸ்போர்ட், விசா, மாத்திரைகள், ஊறுகாய்ப் பொட்டலம் என யாவற்றையும் பற்றி வீட்டார் கூடிப் பேசுகின்றனர். செவியைப் பற்றி மட்டும் எவரும் பேசுவதில்லை.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 4 மணி நேரப் பயணம். சென்னையிலிருந்து இலண்டனுக்கு நேராகச் செல்வோர் 10 மணி நேரத்திற்கும் அதிகமாக அமர்ந்திருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் எஞ்சின்களின் ஓசையும், விமானத்தின் உடலை உரசிச் செல்லும் காற்றின் ஓசையும் ஓயாது ஒலித்துக்கொண்டே இருக்கும். பறக்கும் விமானத்தினுள் இந்த இரைச்சல் பெரும்பாலும் 80 முதல் 85 டெசிபல் வரை இருக்கும். நம் மாவட்டத்து நூற்பாலைகளில் வேலை செய்தவர்களுக்கு இதன் தன்மை நன்கு விளங்கும். இயந்திரம் ஓடும்போது ஓசை பழகிவிட்டதாகத் தோன்றும். அது நின்ற பின்னரே உடல் எவ்வளவு களைத்திருக்கிறது என்பது தெரியும்.

இக்களைப்பைக் குறைக்க உதவும் ஒரு கருவியே ‘நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன்’ என்று கடைகளில் வழங்கப்படும் இரைச்சல் நீக்கி. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பலர் இதை வாங்கி அனுப்புகின்றனர். ஆனால் பெற்றோரோ, பாட்டுக் கேட்கும் விளையாட்டுப் பொருள் என்று எண்ணி அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகின்றனர். அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று அறிந்துகொள்வது நன்று.

ஒலியை ஒலியால் அடக்குதல்

கிணற்று நீரில் இரு கற்களை அருகருகே எறிந்தால் இரண்டு அலை வட்டங்கள் எழும். ஓர் அலையின் மேடும் மற்றோர் அலையின் பள்ளமும் சந்திக்கும் இடத்தில் நீர் சமமாகிவிடும். ஒலியும் காற்றில் எழும் அலையே. இரைச்சல் நீக்கியில் உள்ள சிறிய மைக் வெளியோசையை வாங்குகிறது; அதனுள் இருக்கும் மின்னணுச் சுற்று, அவ்வோசைக்கு நேர் எதிரான அலையை நொடிப்பொழுதில் உண்டாக்கிச் செவிக்கு அனுப்புகிறது. மேடும் பள்ளமும் சந்திக்க, இரைச்சல் தணிகிறது. செவியைப் பஞ்சால் அடைப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இவ்வெண்ணம் புதியதன்று. ஜெர்மன் நாட்டு விஞ்ஞானி பால் லூயெக் என்பவர் 1936ஆம் ஆண்டிலேயே இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஆயினும் அதைப் பயணிகளின் செவிக்குக் கொண்டுவந்த பெருமை, இந்தியத் தந்தைக்குப் பிறந்த ஒருவரைச் சாரும். அவரே அமர் போஸ். அவருடைய தந்தை நொனி கோபால் போஸ், வங்கத்தில் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு, ஆங்கில ஆட்சியின் பிடியிலிருந்து தப்பி அமெரிக்கா சென்றவர். 1929ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் பிறந்த அமர், சிறுவயதில் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்துக் குடும்பத்திற்கு உதவினார். பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பல்லாண்டுகள் பேராசிரியராகப் பணியாற்றினார்.

1978ஆம் ஆண்டு அவர் சூரிச் நகரிலிருந்து அமெரிக்காவுக்கு விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். இசை கேட்பதற்காக விமானத்தில் கொடுக்கப்பட்ட ஹெட்போனை அணிந்தபோது, விமானத்தின் இரைச்சல் இசையை மூழ்கடித்துவிட்டது. வேறொருவராயின் அலுத்துக்கொண்டு கண்ணயர்ந்திருப்பார். அமர் போஸோ காகிதத்தை எடுத்துக் கணக்கிடத் தொடங்கி, விமானம் தரையிறங்குமுன் இரைச்சலை அடக்கும் வழிக்கு அடிப்படை வகுத்துவிட்டார். எண்ணம் உருப்பெற்றது ஒரு பயணத்தில். அது கருவியாக விற்பனைக்கு வந்ததோ 11 ஆண்டுகளுக்குப் பின்னர்! 1986இல் இடைநில்லாது உலகைச் சுற்றிப் பறந்த ‘வாயேஜர்’ விமானத்தின் விமானிகள் இருவரும் அதன் முன்மாதிரியைப் பயன்படுத்தினர். 1989இல் விமானிகளுக்கும், 2000ஆம் ஆண்டு பொதுமக்களுக்கும் அது கடைக்கு வந்தது. இன்று பல நிறுவனங்கள் பல விலைகளில் இதைச் செய்து விற்கின்றன.

எது அடங்கும், எது அடங்காது?

இதை அணிந்தவுடன் முழு அமைதி கிட்டும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவர். ஒரே சீராக ஒலிக்கும் கனத்த ஓசையையே இது நன்கு அடக்கும். நொடிக்கு 100 முறை அதிரும் எஞ்சின் முழக்கத்தின் ஓர் அலை சுமார் 3.4 மீட்டர் நீளமுடையது. அதற்கு எதிரலை அமைப்பது எளிது. நொடிக்கு 3,000 முறை அதிரும் கூரிய ஓசையின் அலையோ 11 சென்டிமீட்டர் அளவே. நேரம் இம்மியளவு பிசகினாலும் மேடும் பள்ளமும் பொருந்தாமற் போய்விடும். ஆகவே குழந்தையின் அழுகையும் பக்கத்து இருக்கைப் பேச்சும் குறைந்த அளவிலேனும் கேட்கவே செய்யும்.

விமானம் இறங்கும்போது உண்டாகும் காதுவலியையும் இது தீர்க்காது. அது ஓசையால் வருவதன்று, காற்றழுத்த மாறுதலால் வருவது. எச்சில் விழுங்குவதும், கொட்டாவி விடுவதும், மிட்டாய் சுவைப்பதுமே அதற்குரிய எளிய வழிகள். சளி மிகுந்திருப்போர் முன்னதாகவே மருத்துவரைக் காண வேண்டும்.

இளைஞரின் செவிக்கும் காவல்

இக்கருவியின் தலையாய நன்மை வசதியன்று, பாதுகாப்பே எனலாம். சாதாரண ஹெட்போனில் பாட்டோ திரைப்படமோ கேட்கும் இளைஞர், 80 டெசிபல் இரைச்சலை மிஞ்சுவதற்காக ஒலியை மேன்மேலும் கூட்டுகிறார். 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகக் குறைகிறது. 90 டெசிபலில் வாரத்திற்கு 4 மணி நேரமே பாதுகாப்பானது. ஒரே பயணத்தில் ஒரு வாரத்து அளவைக் கடந்துவிடலாம் அன்றோ! உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சல் அடங்கினால் குறைந்த ஒலியே போதும், செவி பிழைக்கும்.

பயணிகள் கவனத்திற்கு

புறப்படுமுன் வீட்டிலேயே மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரம் அணிந்து பழகுங்கள். சிலருக்குச் செவியில் ஏதோ அழுத்துவது போலத் தோன்றும். அத்தகையோருக்கு இது ஒவ்வாது.

பாட்டு எதுவும் ஓடாவிட்டாலும் இரைச்சல் நீக்கி வேலை செய்யும் என்பதை மறவாதீர்கள். பொத்தானை அழுத்தி, வெறுமனே அணிந்துகொண்டு உறங்கலாம்.

முன்னிரவே சார்ஜ் செய்து, கைப்பையில் வையுங்கள். பணிப்பெண் பாதுகாப்பு அறிவிப்புச் செய்யும்போது கழற்றிவிடுங்கள்.

காதுகேள் கருவி அணிவோர், அதைச் செய்து கொடுத்த நிபுணரைக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

விலை கட்டுப்படியாகாதோர் வருந்த வேண்டியதில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் மெத்தென்ற காதடைப்பானும் ஓசையைப் பெரிதும் குறைக்கும். இயன்றவரை இறக்கைக்கு முன்புறம் உள்ள இருக்கையைக் கேட்டுப் பெறுங்கள். பின்புறத்தைவிட அங்கே ஓசை குறைவு.

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கருவியை வாங்கி அனுப்பியதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிடாதீர்கள். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதைத் தொலைபேசியில் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். தமிழில் எழுதி அனுப்பினால் இன்னும் நலம். கணவனும் மனைவியுமாகப் பயணம் செய்யும் பெரியவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் இதை அணிந்து உறங்காமல், முறை வைத்துக்கொள்வது நல்லது. மாத்திரை வேளையை நினைவூட்டவும், தண்ணீர் வேண்டும் என்று அழைத்தால் கேட்கவும் ஒருவரது செவியாவது திறந்திருக்க வேண்டுமல்லவா?