சிறாருக்கான உள்ளிருப்பு மனநல, போதை மீட்புச் சிகிச்சை

மனநோயாலோ போதைப்பழக்கத்தாலோ பாதிக்கப்பட்ட, 18 வயது நிறையாத ஒருவர் மருத்துவமனையில் அல்லது மறுவாழ்வு மையத்தில் தங்கிப் பெறும் சிகிச்சை உள்ளிருப்புச் சிகிச்சை எனப்படும். மருத்துவரைப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்பும் புறநோயாளி சிகிச்சையிலிருந்து இது வேறுபட்டது. பேச்சு வழக்கில் இதனை ‘அட்மிட் பண்ணுவது’ என்றும், போதைப்பழக்கத்தைப் பொறுத்தவரை ‘சென்டரில் சேர்ப்பது’ என்றும் சொல்கிறார்கள்.

சேர்த்துவிட்டு வந்துவிடலாம், குணமானதும் போய் அழைத்துக்கொள்ளலாம் என்று பல பெற்றோர் எண்ணுகின்றனர். பெரியவர்களுக்கான சில மையங்கள் அவ்வாறு இயங்குவதால் இந்த எண்ணம் வந்திருக்கலாம். ஆனால் இந்தியச் சட்டப்படி, மனநல நிலையத்தில் அனுமதிக்கப்படும் சிறாருடன் குடும்பத்தின் சார்பில் ஒருவர் முழு நேரமும் தங்கியிருக்க வேண்டும். இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டால் சிறாருக்கான உள்ளிருப்புச் சிகிச்சையின் மற்ற விதிகளும் எளிதில் புரியும்.

சிக்கலின் அளவு

இந்தியாவில் 2015-16ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் ஏறத்தாழ 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கணக்கிட்டது. 40 பேர் படிக்கும் வகுப்பறையில் ஏறக்குறைய மூன்று பேர் என்று இதனைப் புரிந்துகொள்ளலாம். இவர்களில் பெரும்பாலோருக்கு மருத்துவமனையில் தங்க வேண்டிய தேவை இல்லை. ஆலோசனையும், தேவைப்பட்டால் மருந்தும், வீட்டாரின் ஆதரவுமே போதுமானவை.

சிறாரின் போதைப்பழக்கம் குறித்த பொதுநல வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 14 அன்று தீர்ப்பளித்தது. நாடு தழுவிய கணக்கெடுப்பு நடத்தவும், தேசியத் திட்டம் ஒன்றை வகுக்கவும், பள்ளிப் பாடத்தில் இதனைச் சேர்க்கவும் மத்திய அரசுக்கு ஆணையிட்டது. அதன் பின்னர் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2019இல் வெளிவந்தன.

அந்த ஆய்வு கணக்கில் எடுத்த போதைப்பொருள்களில், பெரியவர்களைவிடச் சிறாரிடம் அதிக விழுக்காட்டில் காணப்பட்டது ஒரே ஒரு வகைதான். அது முகர்ந்து போதை ஏற்றும் பொருள்கள். பஞ்சர் ஒட்டும் பசை, ஒயிட்னர், தின்னர், பெட்ரோல் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இப்பழக்கத்திலிருந்து மீள ஏறத்தாழ 4.6 லட்சம் சிறாருக்கு உதவி தேவைப்படுவதாக ஆய்வு கூறியது. இவை விலை குறைந்தவை; எளிதில் கிடைப்பவை. இவற்றை முகர்வதால் இதயத் துடிப்பு தாறுமாறாகித் திடீர் மரணம் நேரக்கூடும். முதல் முறை முகர்ந்தவருக்கும் இந்த ஆபத்து உண்டு.

எப்போது தங்கிச் சிகிச்சை பெற வேண்டும்?

கீழ்க்காணும் நிலைகளில் மருத்துவர்கள் உள்ளிருப்புச் சிகிச்சையைப் பரிந்துரைக்கக்கூடும்.

• தற்கொலை முயற்சி, அல்லது தன்னையோ பிறரையோ தாக்கிக் காயப்படுத்தும் அபாயம்.
• யாரும் பேசாதபோது குரல் கேட்பது, காரணமற்ற பெரும் சந்தேகம் போன்ற கடும் மனநோய் அறிகுறிகள்.
• உணவையும் நீரையும் மறுத்து உடல் நலிந்துபோதல்.
• போதைப்பொருளை நிறுத்தியதும் வலிப்பு, நடுக்கம், குழப்பம் போன்ற விலகல் அறிகுறிகள் தோன்றுதல்.
• புறநோயாளியாகப் பலமுறை முயன்றும் முன்னேற்றம் காணாமை.

நாள்தோறும் மது அருந்திவந்தவர் அல்லது தூக்க மாத்திரைக்கு அடிமையானவர் வீட்டிலேயே திடீரென நிறுத்துவது உயிருக்கு ஆபத்தாக முடியலாம். இவ்விரண்டையும் மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். ‘குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்’ என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளை எந்த வயதினருக்கும் கொடுக்கக் கூடாது.

படிப்பில் மந்தம், கைப்பேசியை விடாமை, காதல் விவகாரம், எதிர்த்துப் பேசுதல் ஆகியவை மட்டுமே ஒரு பிள்ளையை மனநல நிலையத்தில் சேர்ப்பதற்குக் காரணங்கள் ஆகா. இவற்றின் பின்னால் மனச்சோர்வோ, பாலியல் கொடுமையோ, வீட்டுச் சண்டையோ இருக்கலாம். அதைக் கண்டறியும் முதல் படி புறநோயாளி பிரிவிலேயே நடக்கும்.

குடும்பம் உடன் தங்கும் முறை வந்த கதை

நோயாளியுடன் குடும்பத்தையும் தங்கவைக்கும் முறைக்கு இந்தியாவில் நீண்ட வரலாறு உண்டு. 1950களில் பஞ்சாபின் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனைக்குத் தலைவராக இருந்தவர் மருத்துவர் வித்யா சாகர். அங்கு இட நெருக்கடி மிகுதி. அவர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து, நோயாளிகளுடன் அவர்களது உறவினரையும் தங்கச் செய்தார். உறவினர் நோயைப் புரிந்துகொண்டனர். நோயாளிகள் வீடு திரும்புவதும் எளிதாயிற்று.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையமும் குடும்பத்தினர் உடன் தங்குவதைத் தன் சிகிச்சையின் அடிப்படையாகக் கொண்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் சிறாருக்கெனத் தனி மனநலப் பிரிவு உள்ளது. அங்கும் பெற்றோர் பிள்ளையுடன் தங்குவது வழக்கம்.

குடும்பத்தின் கண்ணில் படாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட இயலவில்லை. 28 பேர் இறந்தனர். நோயாளிகளைச் சங்கிலியிடுவதை இன்றைய சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைக் கோளாறுகளையும் இச்சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்துள்ளது. ஆகவே இத்தகையோரைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் போதை மீட்பு மையங்களும் பதிவு பெற்றே இயங்க வேண்டும். சட்டத்தின் 87ஆம் பிரிவு சிறாரை அனுமதிப்பது பற்றிக் கூறுகிறது. அதன் முக்கிய விதிகள்:

1. பிள்ளையின் சட்டப்படியான பாதுகாவலர் விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலும் அவர் தாய் அல்லது தந்தையாக இருப்பார்.
2. இருவர் தனித்தனியே பிள்ளையைப் பரிசோதிக்க வேண்டும். அவர்களில் ஒருவரேனும் மனநல மருத்துவராக இருத்தல் வேண்டும். அனுமதிக்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ இப்பரிசோதனை நடந்திருக்க வேண்டும்.
3. வீட்டிலிருந்தபடி பெறும் சிகிச்சைகள் பயனளிக்கவில்லை அல்லது பொருந்தாது என்பது உறுதியாக வேண்டும். பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டறிய வேண்டும்.
4. சிறாரைப் பெரியவர்களுடன் ஒரே இடத்தில் தங்கவைக்கக் கூடாது.
5. பாதுகாவலரோ, அவர் நியமிக்கும் ஒருவரோ எந்நேரமும் உடன் தங்க வேண்டும். பெண் பிள்ளையின் பாதுகாவலர் ஆணாக இருந்தால், பெண் ஒருவரை உடன் தங்க நியமிக்க வேண்டும்.
6. அனுமதித்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாரியத்தினர் நேரில் வந்து பிள்ளையிடம் பேசலாம், பதிவேடுகளைப் பார்வையிடலாம்.
7. தங்கும் காலம் 30 நாட்களைத் தாண்டினால் வாரியம் அதனை மறுஆய்வு செய்ய வேண்டும். அதன் பின்னரும் 30 நாட்களுக்கு ஒருமுறை மறுஆய்வு தொடர வேண்டும்.
8. பாதுகாவலர் கேட்டால் பிள்ளையை அனுப்பிவைக்க வேண்டும்.

இவற்றுடன், தனியறையில் பூட்டிவைப்பதும் கட்டாயமாக மொட்டையடிப்பதும் எல்லா வயதினருக்கும் தடை செய்யப்பட்டுள்ளன. சிறாருக்கு மின்னதிர்வுச் சிகிச்சை அளிக்க, பாதுகாவலரின் ஒப்புதலுடன் வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும்.

இவ்விதிகளில் நான்காவது, நடைமுறையில் மிகவும் தேவையானது. கஞ்சா புகைக்கத் தொடங்கிய 15 வயதுப் பையனை, இருபது ஆண்டுகளாகக் குடிப்பவர்களுக்கு நடுவே தங்கவைத்தால் அவன் அறியாத போதைப்பொருள்களை அங்கு அறிந்துகொள்வான். அடி, மிரட்டல், பாலியல் தொல்லை ஆகியவற்றுக்கும் எளிதில் இலக்காவான்.

ஐந்தாவது விதி குடும்பத்துக்குச் சுமையாகத் தோன்றலாம். அன்றாடக் கூலிக்குப் போகும் தாய் இரண்டு வாரம் வேலையை விட்டுவிட்டு வருவது எளிதன்று. பெற்றோர்தான் தங்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பாட்டி, பெரியம்மா, சித்தப்பா, மாமா என்று பிள்ளை நம்பும் உறவினர் முறைவைத்துத் தங்கலாம். குடும்ப ஆலோசனை நாட்களில் மட்டுமாவது பெற்றோர் வந்துவிடுவது நல்லது.

சிகிச்சை நடைபெறும் விதம்

முதல் சில நாட்கள் உடலைச் சீராக்குவதற்கானவை. விலகல் அறிகுறிகளுக்கு மருந்து, தூக்கம், சத்தான உணவு, தேவையான பரிசோதனைகள் ஆகியவை இக்கட்டத்தில் அளிக்கப்படும். உடலிலிருந்து போதை வெளியேறியதுமே பிள்ளை தெளிவாகப் பேசும். அதைக் கண்டு ‘சரியாகிவிட்டது’ என்று அழைத்துச் செல்வோர் உண்டு. உண்மையில் சிகிச்சை அப்போதுதான் தொடங்குகிறது.

அடுத்த கட்டத்தில் உளவியலாளர் பிள்ளையுடன் தனியே பேசுவார். எந்த நேரத்தில், எவருடன் இருக்கும்போது, எந்த மனநிலையில் போதையை நாடத் தோன்றுகிறது என்று பிள்ளையே கண்டறியப் பழக்குவார். மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு போன்றவை அடியில் இருந்தால் அவற்றுக்கும் சிகிச்சை தரப்படும். பாடம், விளையாட்டு, ஓவியம் ஆகியவையும் நாளின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும்.

குடும்ப ஆலோசனை மூன்றாவது கட்டம். தந்தை கேள்வி கேட்கும் தொனி, தாய் பதறும் விதம், பிள்ளை வாய்மூடிக்கொள்ளும் தருணம் ஆகியவற்றைச் சிகிச்சைக் குழுவினர் நேரில் காண்கின்றனர். வீட்டில் தந்தையே குடிப்பவராக இருந்தால் அவருக்கும் சிகிச்சை பரிந்துரைப்பர். பிள்ளை திரும்பிச் செல்லப்போவது அதே வீட்டுக்குத்தான் என்பதால், அந்த வீடு மாறாமல் பிள்ளை மட்டும் மாறி நிலைப்பது அரிது. குடும்பம் உடன் தங்குவதன் பயன் இக்கட்டத்தில் முழுமையாக வெளிப்படுகிறது.

பெற்றோர் இல்லாத சிறார்

தெருவிலும் இரயில் நிலையங்களிலும் வாழும் பிள்ளைகளுக்கு உடன் தங்க யாரும் இருப்பதில்லை. இவர்களுக்காக 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் உள்ளது. மாவட்டக் குழந்தைகள் நலக் குழு, போதைக்கு அடிமையான பிள்ளையை உரிய மறுவாழ்வு மையத்துக்கு அனுப்ப ஆணையிடலாம். உள்ளிருப்புச் சிகிச்சைக்குத் தேவையான காலத்துக்கு மட்டுமே அவ்வாறு அனுப்பலாம். மருத்துவர் சொல்லாமல் சிறாருக்கு மது, போதைப்பொருள், புகையிலை கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இச்சட்டத்தின் 77ஆம் பிரிவு இடமளிக்கிறது.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது

சேர்ப்பதற்கு முன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்:

• மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றுள்ளதா? சான்றிதழைக் காட்ட முடியுமா?
• மனநல மருத்துவர் எந்தெந்த நாட்களில் வருகிறார்?
• சிறார் தங்கும் இடம் தனியாக உள்ளதா? நேரில் பார்க்கலாமா?
• நாங்கள் உடன் தங்க எங்கே இடம்?
• மறுஆய்வு வாரியத்துக்கு எப்போது தெரிவிப்பீர்கள்?
• வீடு திரும்பிய பின் எத்தனை நாளுக்கொருமுறை வர வேண்டும்?

‘நாங்களே ஆள் அனுப்பித் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்’, ‘ஒரு மாதத்துக்கு நீங்கள் பார்க்கவே வரக் கூடாது’, ‘ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிடுங்கள்’, ‘நூற்றுக்கு நூறு குணம்’ என்ற பேச்சுகள் காதில் விழுந்தால் அங்கே சேர்க்க வேண்டாம். முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ மாவட்டத் தலைமை மருத்துவமனையையோ அணுகுவது பாதுகாப்பானது.

வீடும் பள்ளியும்

சிகிச்சை முடிந்து திரும்பியவர் மீண்டும் ஒருமுறை போதையை நாடுவது பலருக்கும் நேர்வது. அதனால் சிகிச்சை வீணாகிவிட்டது என்று பொருளில்லை. நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை மறுபடி கூடினால் மருத்துவரிடம் செல்வதைப்போல, உடனே மையத்தைத் தொடர்புகொள்ள வேண்டும். அடிப்பதும் அக்கம்பக்கத்தார் முன் அவமானப்படுத்துவதும் பிள்ளையை மறைத்துச் செய்யவே பழக்கும்.

பள்ளிக்கும் இதில் பங்குண்டு. பிள்ளை எங்கே தங்கியிருந்தான் என்பதை வகுப்பில் சொல்லத் தேவையில்லை. சிகிச்சை பற்றிய செய்திகள் மறைவாகக் காக்கப்பட வேண்டியவை. விடுபட்ட பாடங்களைக் கற்பிக்க ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்கலாம். மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால், அந்தப் பிள்ளையை அன்றாடம் பார்க்கும் ஒரு பெரியவர் குறைந்துபோகிறார்.

மாணவர்களும் உதவ முடியும். நண்பன் ஒருவன் சாவைப் பற்றிப் பேசினாலோ, போதையில் மயங்கிக் கிடந்தாலோ அதை இரகசியமாக வைத்துக்கொள்ளக் கூடாது. நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் உடனே சொல்ல வேண்டும். மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்க வேண்டும். திரும்பி வந்த நண்பனிடம் ‘எங்கே போயிருந்தாய்?’ என்று துருவாமல், பக்கத்தில் அமர இடம் கொடுத்தால் போதும்.

உதவி எண்கள்

• 14416: டெலி மானஸ், கட்டணமில்லா மனநல உதவி. தமிழிலும் பேசலாம்.
• 1098: குழந்தைகள் உதவி எண்.
• 14446: தேசியப் போதை மீட்பு உதவி எண்.
• 108: அவசர ஊர்தி.