ஆங்கிலம் கற்பிக்கச் செல்வோரும் தனியார் மொழிப் பள்ளிகளும்: யப்பான், தென்கொரிய அனுபவங்களை முன்வைத்து ஒரு நோக்கு

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத நாடுகளிலே அம்மொழியைக் கற்பிக்கும் பொருட்டு ஆண்டுதோறும் பெருந்தொகையான பட்டதாரிகள் கடல் கடந்து செல்கின்றனர். அவர்களுட் கணிசமானோரை வேலைக்கு அமர்த்துவன அரசாங்கப் பாடசாலைகளோ பல்கலைக்கழகங்களோ அல்ல. இலாப நோக்கில் இயங்கும் தனியார் மொழிப் பள்ளிகளே. அத்தகைய பள்ளிகளுள் எதனைத் தெரிவு செய்வது என்ற வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து, தனிமனிதரின் விருப்பு வெறுப்பைச் சார்ந்த ஒன்றாகவே தோன்றும். நகரம், சம்பளம், தங்குமிடம், விமானச் சீட்டு ஆகியவற்றை ஒப்பிட்டுக் காட்டும் விளம்பரங்கள் இத்தோற்றத்தை மேலும் உறுதிப்படுத்துகின்றன. ஆயின் ஒரு பள்ளியின் இயல்பை நிர்ணயிப்பவை இவையல்ல. அப்பள்ளி தன் பணத்தை எவ்வாறு பெறுகின்றது, ஆசிரியரின் உழைப்பை எவ்வாறு கணக்கிடுகின்றது, யாரை ஆசிரியர் எனக் கொள்கின்றது என்னும் மூன்று வினாக்களுக்கான விடைகளே அதனை நிர்ணயிக்கின்றன. இம்மூன்றையும் யப்பான், தென்கொரியா ஆகிய இரு நாடுகளின் அனுபவங்களைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் பின்னணியும்

தனியார் மொழிப் பள்ளி இன்று நேற்றுத் தோன்றிய நிறுவனமன்று. 1878 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்திலுள்ள புறொவிடன்ஸ் நகரில் மக்சிமிலியன் பெர்லிட்ஸ் நிறுவிய பள்ளி இவ்வகையில் முன்னோடியானது. மாணவரின் மொழியை அறவே தவிர்த்து, கற்பிக்கப்படும் மொழியிலேயே பாடத்தை நடத்துவது அவரது முறையாகும். கற்பித்தல் முறை என்ற வகையில் இதற்குச் சில சிறப்புக்கள் உண்டு. ஆயினும் இம்முறை மற்றொரு விளைவையும் தன்னகத்தே கொண்டிருந்தது. மாணவரின் மொழியை அறிந்திருக்க வேண்டிய தேவை ஆசிரியருக்கு இல்லாது போகவே, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட எவரும் சொற்ப காலப் பயிற்சியுடன் ஆசிரியராகலாம் என்ற நிலை உருவாயிற்று. ஆசிரியர் எளிதிற் கிடைக்கக்கூடியவரானார். ஆதலால் எளிதில் மாற்றீடு செய்யக்கூடியவருமானார்.

இப்பள்ளிகளிற் பணிபுரிந்தோருள் ஐரிஷ் எழுத்தாளரான ஜேம்ஸ் ஜொய்ஸ் குறிப்பிடத்தக்கவர். 1904 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், இங்கிலாந்திலிருந்த முகவர் ஒருவரின் உறுதிமொழியை நம்பி அவர் சூரிச் நகரைச் சென்றடைந்தபோது, அங்கிருந்த பெர்லிட்ஸ் பள்ளியில் அவருக்கென வெற்றிடம் எதுவும் இருக்கவில்லை. ஈற்றிற் போலா நகரிலும் அதன்பின் திரியெஸ்த் நகரிலுமே அவருக்கு வேலை கிடைத்தது. முகவரின் வாக்குறுதிக்கும் பள்ளியின் உண்மை நிலைக்கும் இடையிலான இவ்விடைவெளி இத்தொழிலின் தொடக்க காலந்தொட்டே நிலவி வந்துள்ளது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் இத்துறை புதிய வேகம் பெற்றது. 1953 இல் ஸ்பானியாவின் கோர்டோபா நகரில் ஜோன் ஹேகிறாவ்ற் தம்பதியினர் தொடங்கிய பள்ளி, பின்னர் இன்ரநாஷனல் ஹவுஸ் என்னும் பெயரிற் பல நாடுகளுக்கும் பரவியது. 1962 இல் அந்நிறுவனம் இலண்டனில் ஆரம்பித்த குறுகிய காலப் பயிற்சியே, இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பெயரால் வழங்கப்படும் செல்ரா சான்றிதழுக்கு மூலமாகும். முழுநேரமாகப் பயில்வோர் அதனை ஏறத்தாழ நான்கு வாரங்களில் முடிக்கின்றனர். நான்கு வாரப் பயிற்சி பயனற்றதென்பது நமது கருத்தன்று. ஆயின் நான்கு வாரத்தில் உருவாக்கப்படும் ஆசிரியரை ஓராண்டு ஒப்பந்தத்தில் அமர்த்தி, ஆண்டு முடிவில் இன்னொருவரை அமர்த்தும் வணிகத்துக்கு அது மிகப் பொருந்தி வந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

பணம் வரும் வழி

யப்பானில் ஆங்கில உரையாடற் பள்ளிகள் எய்கைவா என வழங்கப்படும். இவற்றுட் பெரியதாக விளங்கியது, 1981 இல் ஒசாக்காவில் தொடங்கப்பட்ட நோவா நிறுவனம். மாணவர் பெருந்தொகையான பாடங்களுக்குரிய கட்டணத்தை முன்கூட்டியே செலுத்துவதும், கூடிய பாடங்களை வாங்குவோருக்கு ஒவ்வொரு பாடமும் மலிவாக அமைவதும் அதன் வணிக முறையாகும். ஒருவர் இடையில் விலகும்போது, அவர் ஏற்கெனவே பெற்ற பாடங்கள் மலிவு விலையிலன்றி உயர்ந்த விலையிற் கணக்கிடப்பட்டு, எஞ்சிய சிறு தொகையே மீளளிக்கப்பட்டது. இவ்விதி சட்டத்துக்கு முரணானதென யப்பானிய அதியுயர் நீதிமன்றம் 2007 ஏப்ரலிற் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு யூன் மாதத்தில், ஓராண்டுக்கு மேற்பட்ட புதிய ஒப்பந்தங்களை ஆறு மாதங்களுக்குச் செய்யலாகாதென அரசாங்கம் தடைவிதித்தது. புதிய முற்பணம் தடைப்பட்டதும் நிறுவனம் நிலைகுலைந்தது. சம்பளங்கள் தாமதமாகின; பின் நின்றுபோயின. 2007 ஒக்டோபர் 26 அன்று நோவா நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. அப்பெயரில் இன்று இயங்கும் பள்ளிகள் வேறு நிர்வாகத்தின் கீழ் உள்ளவையாகும்.

இந்நிகழ்ச்சி காட்டும் உண்மை யாது? இன்றைய ஆசிரியரின் சம்பளம் நாளைய மாணவரின் முற்பணத்திலிருந்து வழங்கப்பட்டது என்பதாகும். பள்ளி வளர்ந்துகொண்டே இருக்கும்வரை இது வெளித்தெரியாது. வளர்ச்சி நின்ற கணமே வெளிப்படும். ஆயிரக்கணக்கான அந்நிய ஆசிரியர் ஒரே வேளையில் வருமானத்தை இழந்தனர். நிறுவனத்தின் மூலமாகப் பெற்ற வீடுகளிற் குடியிருந்தோருட் பலரின் சம்பளத்தில் வாடகை கழிக்கப்பட்டிருந்தும், வீட்டு உரிமையாளருக்கு அது சென்றடையவில்லை. வேலையும் வீடும் ஒரே கையிலிருந்து கிடைக்கும்போது இரண்டும் ஒரே நாளிற் பறிபோகலாம். 2010 ஏப்ரலில் ஜியோஸ் என்னும் மற்றொரு பெரும் மொழிப் பள்ளி நிறுவனமும் முறிவடைந்தமை, இது தனியொரு நிறுவனத்தின் விபத்து மட்டுமன்று என்பதை உணர்த்திற்று.

எனவே ஒரு பள்ளியைத் தெரிவு செய்வோர் கேட்க வேண்டிய முதல் வினா, சம்பளம் எவ்வளவு என்பதன்று. மாணவர் எவ்வாறு கட்டணம் செலுத்துகின்றனர் என்பதாகும். மாதந்தோறும் கட்டணம் பெறும் சிறிய பள்ளி, ஆண்டுக் கணக்கில் முற்பணம் பெறும் பெரிய பள்ளியைவிடப் பாதுகாப்பானதாக இருத்தல் கூடும். கிளைகளின் எண்ணிக்கை உறுதியின் அளவுகோலாகாது.

உழைப்பைக் கணக்கிடும் முறை

இரண்டாவதாக, ஒப்பந்தத்திற் குறிக்கப்படும் நேரம் எதனைக் குறிக்கின்றது என்பதை ஆராய்தல் வேண்டும். வகுப்பறையில் நிற்கும் நேரம் மட்டுமே வேலை நேரமெனக் கொள்ளப்படின், பாட ஆயத்தம், விடைத்தாள் திருத்தம், பெற்றோருடனான சந்திப்பு, வகுப்புக்களுக்கு இடைப்பட்ட காத்திருப்பு ஆகிய யாவும் ஊதியமற்ற உழைப்பாகிவிடும். யப்பானியப் பள்ளிகள் பலவற்றின் ஒப்பந்தங்களில் வாரத்துக்கு 29.5 மணித்தியாலங்கள் என்ற எண் நெடுங்காலம் இடம்பெற்று வந்தது. முழுநேர ஊழியரின் வேலை நேரத்தில் நான்கில் மூன்று பங்கை எட்டுவோரைச் சமூகக் காப்புறுதியிற் சேர்த்தல் வேண்டுமென்பது அங்கு நிலவிய நியதி. ஏறத்தாழ 30 மணித்தியாலமாக அமையும் அவ்வெல்லைக்கு அரை மணித்தியாலம் குறைவாக வகுக்கப்பட்ட எண்ணே 29.5 ஆகும். 2016 முதல் படிப்படியாக மேற்கொள்ளப்பட்ட திருத்தங்களால், 2024 ஒக்டோபரின் பின்னர், 50 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்ட நிறுவனங்களில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வேலை செய்வோரும் வருமானம் முதலிய நிபந்தனைகளுக்கு அமையக் காப்புறுதிக்கு உரித்துடையவராயினர். பழைய எண்ணை இன்னும் காட்டிக் காப்புறுதி இல்லையெனக் கூறும் பள்ளியிடம் இதனைச் சுட்டிக்காட்டலாம்.

தென்கொரியாவில் ஹாக்வொன் எனப்படும் தனியார் கல்வி நிலையங்களே ஆங்கில ஆசிரியரைப் பெருமளவில் அமர்த்துகின்றன. 1980 இல் இராணுவ ஆட்சி தனியார் பிரத்தியேகக் கல்வியைத் தடைசெய்தது. அத்தடை நாளடைவிற் தளர்த்தப்பட்டு, 2000 இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தால் முற்றாகச் செல்லுபடியற்றதாக்கப்பட்டது. பாடசாலை முடிந்து வரும் பிள்ளைகளுக்கே இவை பெரிதும் கற்பிப்பதால், ஆசிரியரின் வேலைநாள் பிற்பகலில் தொடங்கி இரவில் முடிவது இயல்பு. அந்நாட்டுச் சட்டப்படி ஓராண்டுச் சேவையை நிறைவு செய்த ஊழியருக்கு ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாக வழங்கப்படல் வேண்டும். பதினோராம் மாதத்தில் ஏதேனுமொரு காரணங்காட்டி ஆசிரியரை விலக்கும் வழக்கம் இதனாலேயே சில நிலையங்களில் தோன்றியது. ஊழியரை ஊழியரெனப் பதியாது சுயதொழில் புரிபவரெனப் பதிந்து, சம்பளத்தில் 3.3 வீத வரியை மாத்திரம் கழிப்பது மற்றொரு தந்திரமாகும். இவ்வாறு பதியப்பட்டவர் பணிக்கொடையும் ஓய்வூதியப் பங்களிப்பும் கோரும்போது முதலில் தாம் ஊழியர் என்பதையே நிரூபிக்க வேண்டியவராகின்றார். ஆகவே 3.3 வீதம் என்ற எண் ஒப்பந்தத்திற் காணப்படுமாயின் அதன் பொருளை உணர்ந்தே கையொப்பமிடல் வேண்டும்.

இதனோடு விசாப் பிரச்சினையும் பிணைந்துள்ளது. கொரியாவில் மொழி ஆசிரியருக்குரிய விசா, வேலை கொள்வோருடன் கட்டுப்பட்டது. ஒப்பந்தக் காலத்தில் வேறு பள்ளிக்கு மாற விரும்புவோர் பழைய பள்ளியின் இசைவுக் கடிதத்தைப் பெறவேண்டிய நிலை உண்டு. தொழிலாளி தன் உழைப்பை விரும்பியவருக்கு விற்கும் சுதந்திரம், முதலாளித்துவச் சமுதாயம் தனது பெருமையாகக் கூறிக்கொள்வதாகும். அச்சுதந்திரமே இங்குக் குறுக்கப்படுகின்றது. யப்பானில் விசா தனியொரு பள்ளிக்குக் கட்டுப்பட்டதன்று. காலம் முடியுமுன் அதே வகையான வேறு வேலைக்கு மாறலாம். இரு நாடுகளையும் ஒப்பிடுவோர் சம்பள வேறுபாட்டைவிட இவ்வேறுபாட்டையே முதலிற் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

யார் ஆசிரியர்?

மூன்றாவது வினாவே நம்மவருக்கு மிக நெருக்கமானது. தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஈ-2 விசா ஐக்கிய அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிகளுக்கே வழங்கப்படுவது. கற்பித்தற் திறனன்று, கடவுச்சீட்டே இங்குத் தகைமையாகின்றது. அந்நியராகிய ஆசிரியரை ஐயத்துடன் நோக்கும் மனப்பான்மையும் இதனோடு சேர்ந்தே வளர்ந்தது. 2007 முதல் அவர்கள் மீது விதிக்கப்பட்ட கட்டாய எயிட்ஸ் நோய்க் கிருமிப் பரிசோதனை, கொரியரான ஆசிரியருக்கு விதிக்கப்படவில்லை. இது பாரபட்சமானதென ஐக்கிய நாடுகளின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2015 இற் கூறிற்று. 2017 இல் அந்நிபந்தனை நீக்கப்பட்டது. விரும்பி அழைக்கப்படுபவரும் ஐயத்துக்குரியவராக நடத்தப்படலாம் என்பதை இது புலப்படுத்தும்.

யப்பானில் இத்தகைய நாட்டுப் பட்டியல் இல்லை. ஆயினும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோரிடம், பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கில மொழிமூலம் கற்றமைக்கான சான்று பொதுவாகக் கேட்கப்படுகின்றது. சுயமொழிக் கல்வியின் வழிவந்த நமது பட்டதாரிகளுட் பெரும்பாலோர் இத்தகைய சான்றைக் காட்ட இயலாதவர்கள். இந்நிலையில், இலங்கைக் கடவுச்சீட்டுடன் கொரிய ஹாக்வொன் ஒன்றில் ஆங்கில ஆசிரியர் வேலை பெற்றுத் தருவதாகக் கூறிப் பணம் கேட்கும் முகவரின் வாக்கு நம்பத்தக்கதன்று என்பதைத் தெளிவாகக் கூறுதல் நமது கடமையாகும். சுற்றுலா விசாவிற் சென்று வேலை செய்வோர் சம்பளம் மறுக்கப்படினும், நாடு கடத்தப்படும் அச்சத்தால் முறையிடத் தயங்குவர்.

தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர் என்னும் கொள்கை அறிவியல் அடிப்படை கொண்டதன்று. 1961 இல் உகண்டாவின் மக்கரேரேயில் நடைபெற்ற மகாநாட்டுடன் உறுதிபெற்ற இக்கருத்தை, றொபேட் பிலிப்சன் 1992 இல் வெளியிட்ட மொழி ஏகாதிபத்தியம் பற்றிய தமது நூலில் விரிவாக மறுத்துள்ளார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கற்பித்தவரான சுரேஷ் கனகராஜா, 1999 இல் வெளிவந்த தமது ஆய்வில், யாழ்ப்பாணத்து மாணவரும் ஆசிரியரும் மேலைத்தேயப் பாடநூல்களையும் முறைகளையும் தமது தேவைக்கேற்ப எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை எடுத்துக்காட்டியுள்ளார். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாக முயன்று கற்றவர், மாணவர் தடுமாறும் இடங்களைத் தம் அனுபவத்தால் அறிந்தவர். சந்தை இவ்வறிவுக்கு விலை கொடுப்பதில்லை. ஏனெனில் விளம்பரத்தில் அதனைப் படம்பிடித்துக் காட்ட முடியாது.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றின் அடிப்படையிற் சில நடைமுறைகளை வகுத்துக்கொள்ளலாம். பள்ளி தானே முன்னிறுத்தும் ஆசிரியருடன் மட்டுமன்றி, அண்மையில் விலகிய ஆசிரியருடனும் தொடர்புகொண்டு, சம்பளம் உரிய நாளில் வழங்கப்பட்டதா என வினவுதல் வேண்டும். கொரிய நிலையமாயின் அது உள்ளூர்க் கல்வி அலுவலகத்திற் பதியப்பட்டுள்ளதா என்பதை அறிதல் வேண்டும். ஒப்பந்தம் இரு மொழிகளில் இருப்பின், முரண்பாடு எழும்போது எம்மொழிப் பிரதி செல்லும் என்பதைப் புறப்படுமுன் கேட்டறிதல் வேண்டும். யப்பானியத் தொழில் நியமச் சட்டத்தின் 15 ஆம் பிரிவு வேலை நிபந்தனைகளைத் தெளிவாக அறிவிக்குமாறு பணிக்கின்றது. 16 ஆம் பிரிவு, இடையில் விலகுவோர் தண்டப்பணம் செலுத்த வேண்டுமென முன்கூட்டியே விதிப்பதைத் தடைசெய்கின்றது. அத்தகைய தண்டப்பணத்தைக் குறிப்பிடும் ஒப்பந்தம், அப்பள்ளி பிற விடயங்களிலும் சட்டத்தை எவ்வாறு மதிக்கும் என்பதை முன்னறிவிப்பதாகும். இயன்றவரை வீட்டை வேலையிலிருந்து பிரித்து வைத்தலும், திரும்பி வருவதற்கான செலவைக் கையில் வைத்திருத்தலும் நன்று.

எனினும் தனியொருவரின் எச்சரிக்கைக்கு எல்லை உண்டு. மிகக் கவனமாகத் தெரிவு செய்தவரும் நோவாவில் இருந்தனர். அந்நெருக்கடியின்போது ஆசிரியருக்குத் துணைநின்றவற்றுள், ஒசாக்காவை மையமாகக் கொண்டு 1991 முதல் இயங்கிவரும் ஜெனரல் யூனியன் என்னும் தொழிற்சங்கம் முக்கியமானது. பல நாட்டவரையும் உறுப்பினராகக் கொண்ட அச்சங்கம், ஆசிரியர் தம்மைச் சுற்றுலாப் பயணிகளாகவன்றித் தொழிலாளராக உணரத் தலைப்பட்டதன் விளைவாகும். ஓராண்டில் திரும்பிவிடப் போகின்றோம் என்ற எண்ணமே மோசமான நிபந்தனைகளை நிலைக்கச் செய்கின்றது. ஒருவர் பொறுத்துக்கொண்டதே அடுத்து வருபவருக்கு நியதியாகின்றது. ஆதலால், ஒரு பள்ளியைப் பற்றி வினவ வேண்டியவற்றுள் இறுதியானதும் இன்றியமையாததும் இதுவே: அங்குள்ள ஆசிரியர் ஒன்றுகூடிப் பேச இயலுமா? அவ்வினாவை அப்பள்ளியின் நிர்வாகம் எவ்வாறு எதிர்கொள்கின்றது என்பதைக் கொண்டே அதன் தரத்தைப் பெரும்பாலும் மதிப்பிட்டுவிடலாம்.