எட்டுப் பிட்டுப் பொறியில் தாள விளையாட்டு ஆக்கம்: சந்தக் கணக்கும் நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டும்

ஆய்வுச்சுருக்கம்

பழைய எட்டுப் பிட்டு விளையாட்டுப் பொறிகளுக்குத் தனி ஆர்வலர்கள் இன்றும் புதிய விளையாட்டுகளை ஆக்கி வருகின்றனர். தாள விளையாட்டு அவற்றுள் ஒருவகை. அத்தகைய விளையாட்டொன்றைத் தமிழ்ச் சந்தத்திற்கும், பூதப்பாண்டி உள்ளிட்ட நாஞ்சில் நாட்டூர்களில் வழங்கும் வில்லுப்பாட்டிற்கும் ஏற்ப வடிவமைக்கையில் எழும் சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகிறது. எழுத்தின் இயல்பும் உடன் பாடுவோரின் போக்கும் நீங்கிய வெறும் கால அளவு தமிழ்த் தாளத்தைக் காட்டப் போதாது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மாத்திரை, சந்தக் குழிப்பு, வில்லுப்பாட்டு, தாள விளையாட்டு, எட்டுப் பிட்டுப் பொறி.

முன்னுரை

நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் பொறியும், பிற நாடுகளில் என்.இ.எஸ். என்ற பெயரில் விற்கப்பட்ட அதன் மறுவடிவமும் எட்டுப் பிட்டுப் பொறிகளுள் பெரிதும் பரவியவை. 1990களில் இந்திய வீடுகளில் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடப்பெற்ற ‘வீடியோ கேம்’ பெட்டிகளுள் பல இதன் நகல்களே. உற்பத்தி நின்ற பின்னரும் இப்பொறிக்கு விளையாட்டு எழுதுவோர் உளர். 2009இல் வெளிவந்த ‘டி-பேட் ஹீரோ’ அவ்வாறு ஆர்வலர்கள் ஆக்கிய தாள விளையாட்டு. திரையில் இறங்கிவரும் குறி உரிய இடத்தை அடையும் கணத்தில் அதற்கான பொத்தானை அழுத்த வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் பிழை.

இது பொறியியலார்க்குரிய செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் இதன் மையத்தில் உள்ள வினாக்கள் யாப்பியலார் நெடுங்காலமாக எழுப்பி வந்தவையே. ஓர் ஒலி எவ்வளவு நேரம் நிற்கும்? அடுத்த ஒலி எப்போது தொடங்கும்? அதனை அளப்பவர் யார்? தோவாளை வட்டத்தின் தலைமையிடமான பூதப்பாண்டியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் கொடைவிழாக்களில் வில்லுப்பாட்டு நிகழும் பகுதி. மூன்றாம் வினாவை நேரே எழுப்பும் கலை அது என்பதால் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

சட்டகமும் மாத்திரையும்

இப்பொறி தொலைக்காட்சித் திரையை வினாடிக்கு ஏறத்தாழ 60 முறை புதுப்பிக்கிறது. ஒரு புதுப்பிப்பு ஒரு சட்டகம். பெரும்பாலான விளையாட்டுகளில் ஒரு சட்டகத்திற்கு ஒருமுறையே கைக்கருவியின் பொத்தான்கள் படிக்கப்படுகின்றன. எனவே அவ்விளையாட்டு அறியும் மிகச் சிறிய காலம் ஒரு சட்டகமே.

தொல்காப்பியர் மாத்திரைக்குக் கண்ணிமையையும் கைந்நொடியையும் அளவாகக் காட்டினார். கைந்நொடியை நினைத்தல், ஊன்றல், முறுக்கல், விடுத்தல் என நான்கு காற்கூறுகளாக்கி உரைக்கும் மரபும் உண்டு. பொத்தானை அழுத்தும் விரலுக்கும் இந்நான்கு நிலைகள் பொருந்தும். பொறியோ அழுத்தம் உண்டு, இல்லை என்ற இரண்டை மட்டுமே அறியும்.

ஒரு மாத்திரைக்கு 12 சட்டகம் எனக் கொண்டால் குறில் 12, நெடில் 24, ஒற்று 6, கால் மாத்திரை பெறும் மகரக்குறுக்கம் 3 என யாவும் முழு எண்ணாக அமையும். இவ்வொழுங்கு 60 சட்டகப் பொறிக்கே உரியது. இந்தியத் தொலைக்காட்சி பின்பற்றிய பால் முறையில் வினாடிக்கு 50 புலங்களே உண்டு. அங்கு 12 சட்டகம் என்பது 0.20 வினாடிக்கு மாறாக 0.24 வினாடியாகும், பாட்டின் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். வேகத்தைக் காக்க மாத்திரையை 10 சட்டகமாக்கினால் ஒற்று 5, மகரக்குறுக்கம் இரண்டரை. அரைச் சட்டகம் என ஒன்று இல்லை.

நடைகளிலும் இச்சிக்கல் தோன்றும். அரை வினாடிக்கு ஓர் எண்ணிக்கை எனின், 60 சட்டகப் பொறியில் அது 30 சட்டகம். திஸ்ரம் 10, கண்டம் 6 எனச் சரியாக வகுபடும். சதுஸ்ரத்தில் ஏழரை, மிஸ்ரத்தில் முடிவுறாத பின்னம். 50 சட்டகப் பொறியில் எண்ணிக்கைக்கு 25 சட்டகமாதலால் கண்டம் மட்டுமே வகுபடும். ஆக்குவோர் எளிமை கருதி முழு எண்களோடு நின்றால், எந்த நடை விளையாட்டில் இடம்பெறும் என்பதைத் தொலைக்காட்சியின் மின்முறை முடிவு செய்துவிடும்.

இதற்குத் தீர்வு உண்டு. பொறியின் மையச் செயலி 6502 குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்குப் பெருக்கல், வகுத்தல் கட்டளைகள் இல்லை. கூட்டி மிகுதியை அடுத்த இடத்திற்குக் கொண்டுசெல்ல இயலும். ஆகவே காலத்தை இரு பைட்டுகளில் எழுதி, ஒன்றில் முழுச் சட்டகத்தையும் மற்றதில் 256இல் ஒரு பங்காகப் பின்னத்தையும் வைப்பர். மிஸ்ர நடையின் ஏழில் ஒரு கூறு 4 சட்டகமும் 256இல் 73 பங்கும் ஆகும். எண்ணிக்கை ஒன்றுக்கு எஞ்சும் பிழை 256இல் ஒரு பங்கு. 256 எண்ணிக்கைகள் கடந்த பின்னரே ஒரு சட்டகம் பிசகும். எண்ணிக்கைதோறும் மீதியைச் சரிசெய்தால் அதுவும் நேராது.

சந்தக் குழிப்பு என்னும் அடிவரிசை

எப்பொத்தானை எப்போது அழுத்துவது என்ற வரிசையை நினைவகத்தில் எழுதிவைப்பதே தாள விளையாட்டின் உயிர்ப்பகுதி. தமிழில் இதற்கு நிகரானது சந்தக் குழிப்பு. வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளின் வண்ணத்தியல்பு வழிச் சந்தங்கள் பதினாறு: தத்த, தாத்த, தந்த, தாந்த, தன, தான, தன்ன, தய்ய ஆகிய எட்டும் அவற்றின் ஈறு நீண்ட எட்டும். பதினாறு வகையைக் குறிக்க நான்கு பிட்டு போதும். ஒரு பைட்டில் இரண்டு சந்தங்கள் அடங்கும். 2 கிலோபைட்டு உள்நினைவகம் மட்டுமே கொண்ட பொறிக்கு இது தற்செயலாக வாய்த்த பேறு.

சிக்கல் அதன் பின்னரே தொடங்குகிறது. குரு, இலகுக் கணக்கில் நெடிலும் ஒற்றடுத்த குறிலும் நெடிலும் குரு, தனிக்குறில் இலகு. முதல் எட்டுச் சந்தங்களுள் ‘தன’ நீங்கலாக ஏழும் குரு, இலகு என்ற ஒரே அடுக்காகின்றன. ஒலி தொடங்கும் கணத்தை மட்டும் அளக்கும் விளையாட்டில் இவ்வேழும் ஒன்றே. தத்த என்று வல்லொற்றில் அறுபடுவதற்கும், தான என்று நீள்வதற்கும், தந்த என்று மெல்லொற்றில் அதிர்ந்து செல்வதற்கும் வேறுபாடு இராது. திருப்புகழை ஓதக் கேட்ட எவரும் இதனை ஏற்கமாட்டார்.

எனவே அழுத்தும் கணத்தோடு விடும் கணத்தையும் அளத்தல் இன்றியமையாதது. தத்த என்பதற்குத் தட்டி உடனே விடுதல். தான என்பதற்கு நெடிலின் அளவும் அழுத்திப் பிடித்தல். தந்த என்பதற்குப் பிடித்தவாறே இரண்டாம் பொத்தானைச் சேர்த்தல். கைக்கருவியில் நான்கு திசை உட்பட எட்டுப் பொத்தான்கள் இருப்பதால் இதற்கு இடமுண்டு. வல்லினம், மெல்லினம் என்ற பகுப்பு இவ்வாறு விரலின் செயலாக மாறுகிறது.

வில்லுப்பாட்டின் தாளம்

சந்தம் எழுத்தைப் பற்றி நிற்பது. வில்லுப்பாட்டின் தாளம் பாடுவோரைப் பற்றி நிற்பது. வில்லின் நாணை வீசுகோலால் அடிக்க அதில் கட்டிய மணிகள் ஒலிக்கும். குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை ஆகியன உடன் சேரும். பொறிக்கு ஐந்து ஒலித்தடங்கள் உள்ளன: இரண்டு துடிப்பலை, ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், ஓர் ஒலித்துணுக்கு. முக்கோண அலையின் சுருதியை விரைந்து இறக்கினால் குடத்தின் ‘கும்’ ஒலி ஓரளவு கிட்டும். மணிக்கும் ஜால்ராவிற்கும் இரைச்சல் தடம் பொருந்தும். உடுக்கையின் இடையை அழுத்துகையில் சுருதி ஏறியிறங்குவதைத் துடிப்பலையில் காட்டலாம். தோலின் தன்மை வாராது. பதிவுசெய்த ஒலித்துணுக்கே அதற்கு ஏற்றது. ஆனால் துணுக்கு ஒலிக்கும்போது கைக்கருவியைப் படித்தால் அழுத்தாத பொத்தான் அழுத்தப்பட்டதாகப் பதிவாகக்கூடும் என்பது என்.இ.எஸ். பொறியின் அறியப்பட்ட குறை. கைக்கருவியை இருமுறை படித்து, இரண்டும் ஒத்தால் மட்டுமே ஏற்பது வழக்கம். உடுக்கை ஒலித்ததனாலேயே ஆடுவோர் பிழை செய்ததாகக் கணக்கிடும் தாள விளையாட்டைவிட நகைப்பிற்குரியது வேறில்லை.

காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம், கதைக்கூறு, வாழி என்னும் வில்லுப்பாட்டின் அமைப்பு விளையாட்டின் படிநிலைகளாக அப்படியே அமையத்தக்கது. இடர்ப்பாடு வேகத்தில் உள்ளது. தலைமைப் பாடகர் கதையின் சுவைக்கேற்ப ஓரடியை இழுப்பார், அடுத்ததை முடுக்குவார். குடமும் உடுக்கையும் அவரைத் தொடரும். மாறா வேகத்தில் அளக்கும் விளையாட்டில், அவரோடு சரியாக இணைந்தவர் தோற்பார். அவரைக் கேளாமல் கடிகாரத்தோடு சென்றவர் வெல்வார்.

1996இல் பிளேஸ்டேஷனில் வெளிவந்த ‘பராப்பா த ராப்பர்’ ஆசிரியர் பாடிய அடியை மாணவர் திருப்பிப் பாடும் முறையில் அமைந்தது. அதனை அவ்வாறே திருப்பாமல் வேறுபடுத்துவோர்க்கு உயர்நிலையும் அளித்தது. எட்டுப் பிட்டுப் பொறியில் இதனை இரு கைக்கருவிகளால் மேலும் நெருக்கமாகச் செய்யலாம். முதலாமவர் தலைமைப் பாடகர். அவர் அடிக்கு மதிப்பெண் இல்லை. அவருடைய கடைசி நான்கு இடைவெளிகளின் கூட்டுத்தொகையை இரும எண்ணாக இருமுறை வலப்புறம் நகர்த்தினால், வகுத்தல் கட்டளை இன்றியே சராசரி கிடைக்கும். இரண்டாமவர் அச்சராசரியைக் கொண்டே அளக்கப்படுவார்.

கொடைவிழாவில் கோமரத்தாடிக்கு அருள் ஏறுகையில் குடமும் உடுக்கையும் விரையும் பகுதியை விளையாட்டில் சேர்ப்பது தகாது. அங்கு வேகம் வழிபாட்டின் ஒரு கூறு. அதனை மிகை மதிப்பெண்ணாக்குதல் கலையையும் நம்பிக்கையையும் ஒருசேரக் குறைக்கும். கதைக்கூறு ஒன்றே போதிய களம் தரும்.

கதைக்கூற்றில் தலைமைப் பாடகர் உரைநடையாகச் சொல்லும் இடங்களில் உடனிருப்போர் ‘ஆமா’ என்று ஏற்றுரைப்பர். இது எண்ணிக்கையின் எப்புள்ளியிலும் விழுவதன்று. சொல்பவர் மூச்சுவிடும் இடத்தில் விழுவது. ஒலித்துணுக்கின் உச்ச அளவு 4081 பைட்டு, மிகத் தெளிவான பதிவில் ஒரு வினாடிக்குச் சற்றுக் குறைவு. ‘ஆமா’ அதற்குள் அடங்கும். அடிவரிசையில் இதற்குக் கணம் குறிக்க இயலாது. தலைமைப் பாடகரின் தொடர் முடிவையும் அடுத்த தொடரின் தொடக்கத்தையும் மட்டும் எழுதி, இடைப்பட்ட காலம் முழுவதையும் திறந்து விட வேண்டும். அவ்விடைவெளியில் எங்குச் சொன்னாலும் சரி. அவர் பேசும்போது குறுக்கிட்டால் மட்டுமே பிழை. இடைவெளிகளின் நீளங்களை நிரலாளர் தாமே வகுத்துக்கொள்ளாமல், வில்லுப்பாட்டுக் கலைஞர் பாடிய பதிவிலிருந்து சட்டகம் சட்டகமாக எண்ணி எழுதுதல் வேண்டும்.