ஸகாத்: வரியா, ஈகையா? – பொருள் விளக்கமும் செலுத்தும் முறையும்

முன்னுரை

தமிழ் முஸ்லிம்களின் சமய நூல்களில் ‘ஸகாத்’ என்னும் அரபுச் சொல்லுக்கு ‘ஏழை வரி’ என்னும் தமிழாக்கம் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர், என் வகுப்பில் இத்தொடரைப் படித்த மாணவர் ஒருவர், “ஏழைகள் மீது விதிக்கப்படும் வரியா, ஐயா?” என்று வினவினார். இலக்கண நோக்கில் அவ்வினாவில் பிழையில்லை. ‘வருமான வரி’ வருமானத்தின் மீது விதிக்கப்படுவது. ‘சொத்து வரி’ சொத்தின் மீது விதிக்கப்படுவது. எனின், ‘ஏழை வரி’ யார்மீது விதிக்கப்படுவது? தொகைச்சொல் ஒன்று பொருளைத் தலைகீழாக்கிவிடக் கூடும் என்பதற்கு இஃது ஒரு சான்று. ஸகாத்தின் பொருளையும் அதனைக் கணக்கிட்டுச் செலுத்தும் முறையையும் மலேசியச் சூழலில் வைத்து விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

ஸகாத் என்னும் சொல்லின் வேர், தூய்மை, வளர்ச்சி ஆகிய இரு பொருள்களையும் தரும். செல்வத்தினின்று ஒரு பங்கை நீக்குவதால் எஞ்சியது தூய்மையுறுகிறது. பெருகவும் செய்கிறது என்பது இதன் உட்கருத்து. இஸ்லாத்தின் ஐந்து கடமைகளுள் ஒன்றான இது, விரும்பினால் கொடுக்கும் கொடையன்று. அத்தகைய கொடைக்கு ‘ஸதகா’ என்னும் பெயர் பெருவழக்காக உள்ளது. செல்வரின் பொருளில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் உரிமையுண்டு என்று குர்ஆன் (51:19, 70:24-25) குறிப்பிடுகிறது. ஆகவே, ஸகாத் பெறுபவர் தம் உரிமையைப் பெறுகிறார். கொடுப்பவர் தம்மிடமிருந்த பிறர் பங்கை ஒப்படைக்கிறார்.

இதனை வரி என்பதும் முழுமையாகப் பொருந்தாது. வரிப்பணத்தை அரசு தன் திட்டத்திற்கேற்பச் செலவிடலாம். ஸகாத்தைப் பெறத்தக்கோர் எண்வகையினர் எனக் குர்ஆன் (9:60) வரையறுத்துவிட்டது. ஏழைகள், வறியவர்கள், ஸகாத்தைத் திரட்டும் பணியாளர்கள், உள்ளம் இணைக்கப்பட வேண்டியோர், அடிமைத் தளையினின்று விடுவிக்கப்பட வேண்டியோர், கடன்பட்டோர், இறைவழியில் உள்ளோர், வழிப்போக்கர் ஆகியோரே அவர்கள். இவர்களுள் முதலிரு வகையினரே வறுமை காரணமாகப் பெறுவோர். எனவே, ‘ஏழை’ என்னும் அடைமொழியும் ஸகாத்தின் முழுப்பரப்பை உணர்த்துவதில்லை.

யார்மீது கடமை?

செல்வம் குறிப்பிட்ட அளவை எட்டியிருத்தல், அச்செல்வம் ஓர் ஆண்டு கைவசம் இருத்தல் ஆகிய இரண்டும் அடிப்படை நிபந்தனைகள். முதலாவதை ‘நிஸாப்’ என்றும் இரண்டாவதை ‘ஹவ்ல்’ என்றும் கூறுவர். பணத்திற்கும் பொன்னுக்கும் நிஸாப் 20 மிஸ்கால். இன்றைய அளவில் ஏறத்தாழ 85 கிராம் பொன். ஆண்டு என்பது இங்குப் பிறைக் கணக்கில் 354 நாள்களைக் குறிக்கும். செலுத்த வேண்டிய விகிதம் 2.5 விழுக்காடு. விளைபொருளுக்கு ஆண்டு நிபந்தனை இல்லை, அறுவடையின்போதே கடமையாகிறது. வானம் பார்த்த நிலத்து விளைச்சலில் 10 விழுக்காடும், உழைத்து நீர் இறைத்துப் பயிர் செய்த விளைச்சலில் 5 விழுக்காடும் கொடுத்தல் வேண்டும். உழைப்பும் செலவும் மிகுந்தால் கடமை குறைகிறது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு கிராம் பொன்னின் விலை 400 ரிங்கிட் எனக் கொண்டால், நிஸாப் 34,000 ரிங்கிட்டாகும். ஆண்டு முழுவதும் 40,000 ரிங்கிட்டுக்குக் குறையாத சேமிப்பை உடையவர் 1,000 ரிங்கிட் செலுத்த வேண்டும். நிஸாப்பை விஞ்சிய 6,000 ரிங்கிட்டுக்கு மட்டும் கணக்கிடுவது பிழை. முழுத்தொகைக்கும் கணக்கிடல் வேண்டும். 33,000 ரிங்கிட் மட்டுமே வைத்திருப்பவர்மீது கடமை இல்லை. பொன் விலை மாறுந்தோறும் நிஸாப்பும் மாறும் என்பதால், அவ்வவ்வாண்டு அறிவிக்கப்படும் தொகையை அறிந்துகொள்வது இன்றியமையாததாகும்.

பெண்களின் அணிகலன்

தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் மிகுதியாக ஐயம் எழுவது இவ்விடத்திலேயாகும். ஹனஃபி சட்டமரபின்படி, அணியும் நகையும் நிஸாப்பை எட்டினால் ஸகாத்துக்கு உரியது. ஷாஃபிஈ மரபோ, வழக்கமான அளவில் அணியும் நகைக்கு விலக்களிக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் மரைக்காயர் மரபினர் பெரும்பாலும் ஷாஃபிஈகள். உள்நாட்டு ராவுத்தர் மரபினர் பெரும்பாலும் ஹனஃபிகள். மலேசியாவில் சமய நிருவாகம் ஷாஃபிஈ மரபைத் தழுவியது. இங்கு ‘உருஃப்’ எனப்படும் வழக்க அளவை ஒவ்வொரு மாநிலமும் வரையறுக்கிறது. அவ்வளவு மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். அணியாமல் சேமிப்பாக வைத்த பொன்னுக்கு 85 கிராம் என்னும் பொது அளவே பொருந்தும்.

எனவே, 100 கிராம் நகையை நாள்தோறும் அணியும் ராவுத்தர் குடும்பத்துப் பெண், தம் முன்னோர் மரபுப்படி 2.5 கிராம் பொன்னின் மதிப்பைச் செலுத்த வேண்டியவர். அண்டை வீட்டு மரைக்காயர் பெண்ணுக்கோ அக்கடமை எழாமல் போகலாம். இருவரும் பிழை செய்தவரல்லர். மேலும், நகை மனைவியின் உடைமையாயின் கடமையும் அவருடையதே. பெண்ணின் தனிச் சொத்துரிமையை இச்சட்டம் ஏற்றிருப்பதை இதனால் உணரலாம்.

மலேசியாவில் செலுத்தும் முறை

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி ஸகாத் மாநில அதிகாரத்திற்கு உட்பட்டது. மாநில இஸ்லாமிய சமய மன்றங்கள் இதனை நிருவகிக்கின்றன. கூட்டரசுப் பிரதேசத்தில் ஸகாத் வசூல் மையம் 1991-இல் செயற்படத் தொடங்கியது. மாதச் சம்பளமும் ஸகாத்துக்கு உரியது எனத் தேசிய ஃபத்வா குழு 1997-இல் முடிவு செய்தது. 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்கீழ், தனிநபர் முறையாகச் செலுத்திய ஸகாத் தொகை அவர் கட்டவேண்டிய வரியிலிருந்தே கழிக்கப்படுகிறது. 1,500 ரிங்கிட் வரி கட்டவேண்டியவர் 1,000 ரிங்கிட் ஸகாத் செலுத்தியிருப்பின், எஞ்சிய 500 ரிங்கிட்டை மட்டும் கட்டினால் போதும். இதற்கு, உரிய அமைப்பின் பற்றுச்சீட்டு தேவை. தாமே நேரில் ஏழைக்குக் கொடுத்த தொகைக்கு இக்கழிவு கிடையாது.

ஈண்டு இரு தெளிவுகள் வேண்டப்படுகின்றன. முதலாவது, செல்வத்திற்கான ஸகாத்தை ரமலான் மாதத்தில்தான் கொடுக்க வேண்டும் என்னும் விதியில்லை; ஆண்டு நிறைவுற்றதும் கடமையாகிறது. ரமலானோடு பிணைந்தது ‘ஃபித்ரா’ ஆகும். அது பெருநாள் தொழுகைக்கு முன்னர், குடும்பத்தினர் ஒவ்வொருவருக்காகவும் உணவுத் தானியமாகவோ அதன் மதிப்பாகவோ கொடுக்கப்படுவது. இரண்டாவது, பெற்றோர், பிள்ளைகள், மனைவி ஆகியோரைப் பேணுவது ஏற்கெனவே ஒருவர்மீதுள்ள பொறுப்பு. ஆதலால், அச்செலவை ஸகாத்தாகக் கணக்கிடல் ஆகாது. வறுமையுற்ற உடன்பிறந்தார்க்குக் கொடுக்கலாம்.

முடிவுரை

திருக்குறள் ‘ஈகை’யை ஓர் அதிகாரமாகவும் ‘ஒப்புரவறித’லை வேறோர் அதிகாரமாகவும் அமைத்துள்ளது. கொடுத்தலில் வகைகள் உண்டு என்பதைத் தமிழ் மரபு நன்கறியும். ஆயினும், ஸகாத் இவ்விரண்டனுள் எதனோடும் முற்றும் ஒன்றாது; அளவும் காலமும் பெறுநரும் வரையறுக்கப்பட்ட கடமை அது. ஆதலின், பாடநூல்களில் ‘ஸகாத்’ என்னும் சொல்லையே ஆண்டு, ‘கடமைக் கொடை’ என விளக்கம் தருவது பொருத்தமாகும். பெறுபவரை இரவலராகக் காணும் மாணவருக்கும், உரிமையாளராகக் காணும் மாணவருக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறிதன்று. அவ்வேறுபாட்டின் ஒரு பகுதி, ஆசிரியர் தேர்ந்தெடுக்கும் சொல்லில் அடங்கியுள்ளது.