ஒப்புரவும் ஒரு நூல்நிலையமும்

ஊர்நலம் பேணுதற்கெனச் சிலர் கூடிக் கழகம் அமைத்தல் மேனாட்டார் வழியாக நமக்கு வந்த வழக்கமெனக் கருதுவார் உளர். ஒப்புரவு என்னும் சொல்லின் பொருளறிந்தார் அங்ஙனம் கருதார். வள்ளுவர் ஈகைக்கு முன்னதாக ஒப்புரவறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. வறியவனுக்குக் கொடுப்பது ஈகை; ஊரார் அனைவர்க்கும் பயன்படுமாறு ஒழுகுவது ஒப்புரவு.

அவ்வொழுக்கத்துக்கு யாழ்ப்பாண நகரிலேயே சான்று உண்டு. 1933 ஆம் ஆண்டில் கே. எம். செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்திலிருந்த நூல்களைப் பிறர்க்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். மறுவருடம் நகரத்துப் பெரியோர் சிலர் கூடிக் குழுவொன்று அமைத்தனர். ஆஸ்பத்திரி வீதியில் ஓர் அறை, 844 நூல்கள், ஏறத்தாழ முப்பது சஞ்சிகைகள் ஆகியனவே அக்குழுவின் முதலீடு. மாலை வேளைகளில் அயலிலுள்ள இளைஞர் அங்கு வந்திருந்து படித்தனர்.

இக்குழுவின் வரலாற்றில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய நிகழ்ச்சி 1935 இல் நிகழ்ந்தது. நூல்நிலையம் நகரசபையின் பொறுப்புக்கு மாறியது. தாம் தொடங்கியது தம் பெயராலேயே விளங்கவேண்டும் என்னும் பற்று எத்தனையோ சங்கங்களை இடைநடுவில் வீழ்த்தியிருக்கிறது. சிலர் நட்ட கன்று ஊரார் பொதுமரமாயினமையாலன்றோ அது பின்னர் ஓங்கி வளர்ந்தது!

ஐம்பதுகளில் மேயர் சாம் சபாபதி அவர்களின் முயற்சியால் நிரந்தரக் கட்டடத்துக்குப் பொருள் திரட்டப்பட்டது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். சென்னைக் கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மன் கட்டட அமைப்பை வரைந்தார். 1959 இல் மேயர் அல்பிரட் துரையப்பா அதனைத் திறந்துவைத்தார். 844 நூல்களோடு தொடங்கிய நிலையம் 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச்சுவடிகளும் உடையதாயிற்று.

அவ்வாண்டு மே 31 ஆம் திகதி இரவில் அது தீக்கிரையாக்கப்பட்டது. பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அக்கொடுமையைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் துறந்தார். கட்டடம் மீள எழுந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வாசகர்க்கும் திறக்கப்பட்டது. ஆயினும் வேறு படியில்லாத ஏடு எரிந்தால் அதனை எவ்வாறு மீட்பது?

இவ்வினா நம் கிராமங்களுக்கும் உரியது. ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும் வாசிகசாலையிலும் கூட்ட அறிக்கைப் புத்தகம், நன்கொடைக் கணக்கு, ஆண்டுவிழா மலர் என்பன இருத்தல் கூடும். கிணறு தோண்டியவர், ஒழுங்கை திருத்தியவர், இரவுப் பாடம் நடத்தியவர் ஆகியோரின் வரலாறு அவற்றிலன்றி வேறெங்கும் எழுதப்படுவதில்லை. அவையும் பெரும்பாலும் ஒற்றைப் படிகளே. செயலாளர் வீட்டு அலுமாரியில் கறையான் அரித்தாலும் இழப்பு இழப்பே.

2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூல்நிலையம், தன்னார்வலர் உழைப்பினால் ஈழத்து நூல்களையும் மலர்களையும் மின்படிகளாக்கிப் பேணி வருகின்றது. செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய தொண்டின் வழித்தோன்றல் என அதனைக் கூறலாம். ஆசிரியர்கள் தம் மாணவரை அழைத்துச் சென்று, ஊர்ச் சங்கத்தின் பழைய ஏடுகளைப் படியெடுப்பித்து, ஒரு படியை ஊரிலும் மற்றொன்றை வேறிடத்திலும் வைப்பாராக. அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு விடுமுறை நாள் போதும்.