சீருடை இல்லாத சேனைக்கு ஸ்பிரெட்ஷீட் தரும் வண்ணம்

கம்ப்யூட்டரில் போர் விளையாட்டு ஆடுபவர்களை நமக்குத் தெரியும். மேஜை மீது சிறு பொம்மைப் படைகளை நிறுத்தி, பகடையும் அளவுகோலும் வைத்து ஆடுபவர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள். இந்தப் பொழுதுபோக்கு புதிதல்ல. விஞ்ஞானக் கதைகளால் புகழ் பெற்ற எச்.ஜி.வெல்ஸ் 1913-லேயே பொம்மைப் போருக்கு விதிமுறை எழுதி 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமாக வெளியிட்டார். இதில் ஆடுவதைவிட அதிக நேரம் பிடிப்பது படையைத் தயாரிப்பதுதான். ஒவ்வொரு பொம்மைக்கும் கையால் வண்ணம் தீட்ட வேண்டும்.

நான் தயாரித்திருப்பது ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலப் படை. 1525 பிப்ரவரி 24 அன்று வட இத்தாலியில் நடந்த பவியா போரின் படை. இதற்கு வீட்டுக் கம்ப்யூட்டர் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். ஸ்பிரெட்ஷீட், கிம்ப், ஒரு பிரிண்டர், ஒரு டிஜிட்டல் கேமரா அல்லது செல்போன் கேமரா இருந்தால் போதும்.

பிரச்சினை என்ன?

நெப்போலியன் காலப் படை என்றால் சீருடை உண்டு. ஒரு வீரனுக்குத் தீட்டிய வண்ணத்தையே மற்றவர்களுக்கும் தீட்டிவிடலாம். பவியா காலத்தில் சீருடை கிடையாது. ஜெர்மானியக் கூலிப்படையினரான லான்ட்ஸ்க்னெக்ட் வீரர்கள் தங்கள் உடையைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். கோடு போட்ட சட்டை, கீறிவிட்டு உள்துணி தெரியும் கை, இடது காலுக்கு ஒரு நிறம், வலது காலுக்கு வேறு நிறம், இறகு வைத்த அகலத் தொப்பி என்று ஆளுக்கு ஆள் மாறும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பேரரசர் ஐந்தாம் சார்லஸின் பக்கம் கியோர்க் ஃபான் ஃப்ருன்ட்ஸ்பெர்க் தலைமையில் போரிட்டவர்கள் லான்ட்ஸ்க்னெக்ட் வீரர்கள். பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவாவின் பக்கம் 'கரும்படை' என்ற பெயரில் சம்பளத்துக்குப் போரிட்டவர்களும் அதே ஜெர்மானியர்களே. இரண்டு பக்கமும் ஒரே ஈட்டி, ஒரே உடை. அன்று அடையாளம் காட்டியவை கொடியும், உடம்பில் கட்டிய துணியும்தான். பேரரசர் பக்கத்தவர்கள் சிவப்புப் பட்டை அணிந்தார்கள். பிரெஞ்சுப் பக்கம் வெள்ளைச் சிலுவை. போருக்கு முந்தைய இரவில் மிரபெல்லோ பூங்காவின் மதிலை உடைத்து உள்ளே நுழைந்த பேரரசுப் படையினர், இருட்டில் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளக் கவசத்துக்கு மேல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார்கள்.

ஆகவே படை தயாரிப்பவருக்கு இரண்டு வேலைகள். ஒன்று, ஒருவரைப் போல் இன்னொருவர் இல்லாமல் வண்ணம் தீட்டுவது. இரண்டு, மூன்றடி தூரத்தில் நின்று பார்த்தாலும் எது யார் படை என்று தெரியும்படி கொடி அமைப்பது. முதல் வேலைக்கு ஸ்பிரெட்ஷீட், இரண்டாவது வேலைக்கு கிம்ப்.

முதலில் கணக்கு

என்னுடையவை 15 மி.மீ. உயர உலோக உருவங்கள். 40 மி.மீ. அகலமுள்ள சிறு அட்டைத் தட்டுகளில் ஒட்டப்படுபவை. இந்த அளவு உருவங்களுக்குப் பல விதிமுறைகள் ஏற்கும் தட்டு அகலம் இது. நீள ஈட்டி வீரர்கள் தட்டுக்கு 4 பேர் வீதம் 14 தட்டு, ஆர்க்விபஸ் என்னும் திரித் துப்பாக்கி வீரர்கள் தட்டுக்கு 3 பேர் வீதம் 8 தட்டு, கவசக் குதிரை வீரர்கள் 3 பேர் வீதம் 4 தட்டு, 2 பீரங்கிகளுக்கு 6 பேர். மொத்தம் 98 உருவங்கள்.

காலாள் ஒருவருக்கு 15 நிமிடம், குதிரை வீரருக்கு 40 நிமிடம் என்பது என் வேகம். 86 காலாட்களுக்கு இருபத்தொன்றரை மணி, 12 குதிரைகளுக்கு 8 மணி, ஆக இருபத்தொன்பதரை மணி நேரம். தினமும் அரை மணி உட்கார்ந்தால் 59 நாள். இந்தக் கணக்கை உருவங்கள் வாங்குவதற்கு முன்பே ஒரு ஷீட்டில் போட்டுப் பாருங்கள். இந்தப் பொழுதுபோக்கைப் பாதியில் விடுபவர்களின் அலமாரியில் வண்ணம் காணாத பெட்டிகள்தான் அடுக்கியிருக்கும். உங்களுக்கு வாரத்துக்கு ஒரு மணிதான் கிடைக்கும் என்றால் படையைப் பாதியாகக் குறைத்துத் தொடங்குவது நல்லது.

வண்ணங்களைக் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்கட்டும்

மனதில் தோன்றியபடி மாற்றி மாற்றித் தீட்டலாமே என்று கேட்கலாம். கை தன்னையறியாமல் ஒரு ஒழுங்குக்குள் போய்விடும். சிவப்புக்கு அடுத்து மஞ்சள், அதற்கடுத்து நீலம், மறுபடி சிவப்பு என்று வந்துவிடும். உண்மையான கலப்பு வேண்டுமென்றால் ராண்டம் எண்களிடம் விட்டுவிட வேண்டும்.

எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் காலக்கைத் திறந்துகொள்ளுங்கள். ஓரத்தில் ஒரு காலத்தில் 12 வரிசைகளில் வண்ணங்களை டைப் செய்யுங்கள். சிவப்பை 3 முறை, மஞ்சள், நீலம், வெள்ளை மூன்றையும் 2 முறை, பழுப்பு, பச்சை, கறுப்பு மூன்றையும் ஒரு முறை எழுதவும். ஏன் இந்தக் கணக்கு? அக்காலச் சாயங்களில் சிவப்பு மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்தும், மஞ்சள் வெல்ட் செடியிலிருந்தும், நீலம் வோட் செடியிலிருந்தும் வந்தன. பச்சைக்கு நீலம், மஞ்சள் இரண்டிலும் தோய்க்க வேண்டும். நல்ல கறுப்புக்குச் செலவு அதிகம். எனவே இரட்டை வேலையும் செலவும் உள்ளவை பட்டியலில் குறைவாக இருக்கின்றன.

அடுத்து 56 ஈட்டி வீரர்களுக்கும் 1 முதல் 56 வரை வரிசை எண் கொடுங்கள். எதிரே சட்டை, இடது கால், வலது கால், தொப்பி, இறகு என்று 5 காலங்கள். ராண்ட்பிட்வீன் ஃபங்ஷனுக்கு 1, 12 என்ற இரு எண்களைக் கொடுத்தால் அவற்றுக்கிடையே ஏதாவது ஓர் எண்ணைத் தரும். அதை இன்டெக்ஸ் ஃபங்ஷனுக்குள் வைத்து, வண்ணப் பட்டியலைக் காட்டினால் எண்ணுக்குப் பதில் வண்ணத்தின் பெயர் வந்துவிடும். பட்டியலின் செல் முகவரிகளுக்கு டாலர் குறி போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது பட்டியலும் நகர்ந்துவிடும்.

ஒரு முக்கியமான விஷயம். ராண்டம் ஃபங்ஷன்கள் ஷீட்டில் எதை மாற்றினாலும் புதிதாகக் கணக்கிடும். இன்று சிவப்புச் சட்டை போட்டவன் நாளை ஃபைலைத் திறந்தால் நீலச் சட்டையில் நிற்பான். எனவே எல்லாவற்றையும் காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷல் கொடுங்கள். எக்செலில் வேல்யூஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். காலக்கில் ஃபார்முலாஸ் டிக்கை எடுத்துவிட்டு டெக்ஸ்ட்டை மட்டும் டிக் செய்யவும். இனி மாறாது.

7 வண்ணம், 5 இடம் என்றால் 16,807 விதமான உடைகள் சாத்தியம். 56 பேரில் இருவர் ஒன்றுபோல் வருவது அபூர்வம். இரு காலும் ஒரே நிறத்தில் வரும் வாய்ப்பு, நம் பட்டியலின்படி ஆறில் ஒன்று. அதாவது 9 பேர் வரை அப்படி இருப்பார்கள்.

இனி ஆட்டோஃபில்டரைப் போடுங்கள். சட்டைக் காலத்தில் சிவப்பை மட்டும் தேர்ந்தெடுத்தால், சிவப்புச் சட்டைக்காரர்களின் எண்கள் மட்டும் நிற்கும். சராசரியாக 14 பேர். உருவங்களை ஐஸ் குச்சிகளில் ஒட்டி எண் எழுதி வைத்திருந்தால், அந்த 14 பேருக்கும் ஒரே மூச்சில் தீட்டி, பிரஷ்ஷைக் கழுவிவிட்டு அடுத்த நிறத்துக்குப் போகலாம். நேரம் பெருமளவு மிச்சமாவது இங்கேதான்.

படங்களை நம்பலாமா?

உடை எப்படி இருந்தது என்று பார்க்க இணையத்தில் நல்ல வசதி உண்டு. எர்ஹார்ட் ஷோன், ஹான்ஸ் செபால்ட் பேஹாம் போன்றோரின் மரச்செதுக்கு அச்சுப் படங்களில் துணியின் ஒவ்வொரு கீறலும் தெரியும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை 2017 முதல் எவரும் தடையின்றிப் பயன்படுத்த அனுமதிக்கிறது. பவியா போரையே சித்தரிக்கும் 7 பெரிய திரைச்சீலைகள் நேப்பிள்ஸ் நகரின் கபோடிமோன்டே மியூசியத்தில் உள்ளன. பெர்னார்ட் வான் ஓர்லேயின் வரைபடங்களைக் கொண்டு பிரஸ்ஸல்ஸில் நெய்யப்பட்டவை அவை.

இந்தப் படங்களை கிம்ப்பில் திறந்து, கலர் பிக்கர் கருவியால் நிறத்தை எடுத்து, அதே நிறத்தில் பெயின்ட் கலக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். வெல்ட் மஞ்சள் வெளிச்சத்தில் வெளுக்கக்கூடியது. பச்சைத் துணியில் மஞ்சள் போய்விட்டால் மிஞ்சுவது நீலம். பழைய திரைச்சீலைகளில் மரங்கள் நீலமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். படத்திலிருந்து உடையின் வெட்டையும் கோடுகளையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொடியை அச்சிடுவது

கொடிகளில் பேரரசர் பக்கத்துக்கு பர்கண்டிச் சிலுவையைத் தேர்ந்தெடுத்தேன். கணுக்கள் துருத்தும் இரண்டு சிவப்புக் கிளைகள் குறுக்காகச் செல்வது இதன் வடிவம். இங்க்ஸ்கேப்பில் ஒரு கிளையை வரைந்து, டூப்ளிகேட் செய்து திருப்பிவிட்டால் முடிந்தது.

அளவு முக்கியம். 15 மி.மீ. உருவங்களை 1:100 என்று வைத்துக்கொண்டால் 2 மீட்டர் கொடி 20 மி.மீ. ஆகும். முன்பக்கம் 20, கம்பியைச் சுற்ற 3, பின்பக்கம் 20 என மொத்த அகலம் 43 மி.மீ. 600 டி.பி.ஐ.யில் இது 1016 பிக்சல் அகலம், 472 பிக்சல் உயரம். கிம்ப்பில் இந்த அளவில் புதிய ஃபைல் திறந்து, ஒரு பக்கக் கொடியை ஒட்டுங்கள். அந்த லேயரை டூப்ளிகேட் செய்து, லேயர் மெனுவில் ட்ரான்ஸ்ஃபார்ம், ஃபிளிப் ஹாரிசான்டலி கொடுத்து மறுபுறம் நகர்த்துங்கள்.

பிரிண்ட் கொடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடவும். அச்சிட்ட தாளை ஸ்கேல் வைத்து அளந்து 43 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். இங்க்ஜெட் மை ஈரப் பசையில் கரையும். எனவே அச்சிட்டதும் மேட் வார்னிஷ் ஸ்பிரே அடித்து உலரவிடவும். லேசர் பிரிண்டில் இந்தத் தொல்லை இல்லை. வெட்டியபின் தாளின் வெள்ளை விளிம்பில் அதே நிறப் பெயின்ட்டைத் தொட்டுவிடுங்கள். வெள்ளைப் பசை தடவி மடித்து, ஈரம் காயும் முன் விரலால் நெளித்துவிட்டால் காற்றில் பறப்பது போலிருக்கும்.

ஒரு படை, இரண்டு பக்கம்

ஈட்டி வீரர்களின் 14 தட்டுகளில் 10 பொதுவானவை. அவர்களின் உடம்பில் எந்தப் பட்டையும் தீட்டவில்லை. மீதி நான்கும் கொடித் தட்டுகள். இரண்டு பர்கண்டிச் சிலுவையும் சிவப்புப் பட்டையும் கொண்டவை, இரண்டு வெள்ளைச் சிலுவைக் கொடி கொண்டவை. இன்று பேரரசர் பக்கம் ஆட வேண்டுமா? முதல் ஜோடியை முன்வரிசையில் வைத்தால் போதும். நாளை அதே வீரர்கள் கரும்படை. சம்பளம் கொடுப்பவருக்காகப் போரிட்டவர்கள் விஷயத்தில் இது வரலாற்றுக்கும் பொருத்தமானதே. 8 உருவங்கள் கூடுதலாகத் தீட்டினால் 40 உருவங்கள் இரு மடங்கு உழைக்கின்றன.

கேமராவால் சரிபார்ப்பது

தட்டில் ஒட்டுமுன் மேக்ரோ மோடில் ஒரு படம் எடுத்து மானிட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய இடமெல்லாம் தெரியும். பிறகு அதே படத்தை கிம்ப்பில் கலர்ஸ், டீசாச்சுரேட் கொடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி, கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்குங்கள். மேஜைக்கு எதிரே நிற்பவர் கண்ணுக்கு உருவம் ஏறக்குறைய இந்த அளவில்தான் தெரியும். முகமும் சட்டையும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டால், மடிப்புகளில் நீர்த்த கரும்பழுப்பு ஓடவிட்டு, மேடான இடங்களில் வெளிர் நிறம் தொட வேண்டும். வண்ணம் எதுவானாலும் வெளிச்சமும் நிழலும்தான் தூரத்தில் நிற்கும்.

இந்த முறை பவியாவுக்கு மட்டுமல்ல. சீருடை இல்லாத எந்தப் படைக்கும், ஏன், ரயில் மாடல் வைத்திருப்பவர்களின் பிளாட்ஃபாரக் கூட்டத்துக்கும் பொருந்தும். வண்ணப் பட்டியலை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் ஒரே ஒரு தட்டு, 4 வீரர்கள் என்று தொடங்குங்கள். அதற்கு எவ்வளவு நேரம் ஆனதோ அதை ஷீட்டில் எழுதிவிட்டு, மீதிப் படையை எந்த நாளில் முடிப்பீர்கள் என்று பாருங்கள்.